நின்ற பிறகு உயிரோடு இருந்ததா?

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை நிற்கும். மார்கழியில் ஒரு விடிகாலை, காரவள்ளி அடிவாரத்தில் ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் கேமராவை மாட்டி, பொத்தானை அழுத்தி, 'பீப்' சத்தம் காதில் விழுந்த பிறகே வண்டியைக் கிளப்பினேன். மேலே சோளக்காட்டில் டீ குடித்துக்கொண்டே போட்டுப் பார்த்தால் படம் 17-ஆவது வளைவோடு முடிந்துபோயிருந்தது. மொத்தம் 11 நிமிடம் 20 விநாடி. மீதி 53 வளைவுகளுக்கும் வெறும் பெட்டியைத் தாடையில் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறேன்.

கூட வந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஹீட் ஆயிருக்கும் ப்ரோ." டீ கிளாஸைப் பிடித்த கை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆக்‌ஷன் கேமரா வைத்திருப்பவர்களில் இந்தப் புகார் இல்லாதவர் குறைவு. பைக்கில் சுற்றுகிறவர், கடலில் முக்குளிப்பவர், கோயில் தேரோட்டத்தைக் கூட்டத்துக்குள் நின்று எடுக்கிறவர் என எல்லோருக்கும் ஏதோ ஒரு நாள் அது பாதியில் நின்றிருக்கிறது. வைத்தியமும் ஆளுக்கு ஒன்று கையில் வைத்திருக்கிறார்கள். கார்டை ஃபார்மட் செய், பேட்டரியை மாற்று, ரெசல்யூஷனைக் குறை, அப்டேட் போடு, எதற்கும் ஒரு தடவை ரீசெட் அடி. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்ததுதான். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் கேமரா பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, கழுத்து வளையும் விளக்கு ஒன்று, கையகல விசிறி ஒன்று. கடை அவ்வளவுதான். கேமராவை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"எத்தன நிமிஷத்துல சார் நிக்குது?"

"பத்து பன்னெண்டு இருக்கும்."

"இருக்கும்னா வேணாம் சார். ஒவ்வொரு தடவையும் அதே நிமிஷமா, இல்ல மாறி மாறியா? நின்னப்புறம் கேமரா உயிரோட இருந்துச்சா, செத்துப் போச்சா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஐந்து தடவை ஓடவிட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்தவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சிக்கலைப் பற்றி அதுவரை கேட்டதும் படித்ததும் மண்டைக்குள் குப்பையாகக் குவிந்திருந்தன. திரும்பி வரும் ரயிலிலேயே அந்த இரண்டு கேள்விகளை வைத்து அவற்றைப் பிரித்துவிட முடிந்தது.

இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கிய நிக் வுட்மன் 2002-இல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கம் அலைச்சறுக்கு விளையாடப் போனவர். அலைமேல் நிற்கும்போது படமெடுக்க வேண்டும், கையில் கேமராவைப் பிடிக்கவும் முடியாது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை யோசித்தார். 2004-இல் விற்பனைக்கு வந்த முதல் கோப்ரோ 35 மி.மீ. பிலிம் ரோல் போடும் சாதாரணக் கேமராதான். ஓர் அலை எத்தனை விநாடி நிற்கும்? அந்தச் சில விநாடிகளுக்காகப் பிறந்த கருவியை நாம் மூன்று மணி நேர பைக் பயணத்துக்கும், காலை முகூர்த்தம் முதல் பந்தி வரைக்கும் ஓடச் சொல்கிறோம். பழுது என்று நாம் சொல்வதில் ஒரு பாதி இந்த முரணிலிருந்து வருவது என்பது என் எண்ணம்.

முதல் கேள்விக்கு வருவோம். எப்போதும் ஒரே அளவில் நிற்கிறது என்றால் யாரோ எங்கோ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சில சமயம் கேமரா நின்றிருக்கவே இருக்காது. 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் அடுக்கப்படுகின்றன. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒன்பதரை நிமிடத்தில் அந்த வரம்பு வந்துவிடும். 100 மெகாபிட் என்றால் ஆறு நிமிடம்கூட ஆகாது. கேமரா அந்தக் கோப்பை மூடி, அடுத்ததைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பதிந்துகொண்டே போகும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் எக்ஸ்ஃபேட் முறை வந்த பிறகும், ஒரு கோப்பு கெட்டாலும் மற்றவை பிழைக்கட்டும் என்று இந்தத் துண்டு போடும் பழக்கத்தைப் பல கேமராக்கள் விடவில்லை.

துண்டுகளுக்குப் பெயர் வைப்பதில்தான் குழப்பம். கோப்ரோவில் முதல் துண்டு ஜிஎக்ஸ்010034 என்றால் அதன் தொடர்ச்சி ஜிஎக்ஸ்020034. துண்டு எண் முன்னால், படத்தின் எண் பின்னால். கணினியில் பெயர் வரிசைப்படி அடுக்கினால் 010034-க்கு அடுத்து 010035 என்ற வேறொரு படம் வந்து உட்காரும். தொடர்ச்சி எங்கோ கீழே கிடக்கும். "பத்து நிமிஷத்துல நின்னுடுது" என்று கொண்டுவந்தவர்களில் சிலருக்குக் கோப்புறையைத் திறந்து காட்டியே அனுப்பியிருப்பதாக அந்தத் தம்பி பிறகு சொன்னார். காசு வாங்கவில்லையாம்.

29 நிமிடம் 59 விநாடியில் நிற்பது இன்னொரு கோடு. இதைப் போட்டது சுங்கத் துறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டில் 30 நிமிடம் தொடர்ந்து பதியக்கூடிய கருவி வீடியோ கேமரா ஆகிவிடும், அப்போது அதற்கு வரியும் கூடுதலாக இருந்தது. ஒரு விநாடி குறைத்து நிறுத்தினால் அது புகைப்படக் கேமராதான். அதனால் ஒரு தலைமுறைப் புகைப்படக் கேமராக்கள் உலகம் முழுக்க அரை மணிக்கு ஒரு விநாடி முன்னால் நின்றன. கோப்ரோ கேமராக்களை எந்த வகையில் சேர்ப்பது என்ற வழக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய் 2017-இல் தீர்ப்பானது. பிரஸ்ஸல்ஸின் வரிக்காக மதுரைக் கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்ற கதையை எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் பார்த்ததில்லை.

மூன்றாவது கோடு நாமே போட்டுவிட்டு மறந்தது. லூப் ரெக்கார்டிங் இயக்கத்தில் இருந்தால் குறித்த நிமிடத்துக்கு மேல் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும். திறந்து பார்ப்பவருக்குக் கடைசிப் பகுதி மட்டும் இருக்கும். 15 விநாடி, 30 விநாடி என்று நேரம் குறித்து எடுக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. விலை குறைந்த மாடல்களில் எதிரே அசைவு இருந்தால் மட்டும் பதியும் முறையும், கரண்ட் வந்தால் தொடங்கி கரண்ட் போனால் முடித்துக்கொள்ளும் கார் முறையும் இருக்கின்றன. கார் முறையில் வைத்துவிட்டு பைக்கின் யுஎஸ்பி சார்ஜரில் இணைத்தால், பள்ளத்தில் இறங்கி வயர் ஒரு நொடி ஆடினாலும் கேமரா வீட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுத்துவிடும்.

கோடு நிமிடத்திலா, ஜிபியிலா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட விடுங்கள். அதே நிமிடத்தில் நின்றால் அது மெனுவில் இருக்கும் ஏதோ ஒரு அமைப்பு, அல்லது அந்த அரை மணிக் கோடு. நேரம் கூடி, மொத்த ஜிபி மட்டும் மாறாமல் நின்றால் கோப்பின் வரம்பு, அல்லது கார்டின் வரம்பு. இந்தக் கடைசிக்குப் பின்னால் ஒரு மோசடியும் இருக்கிறது. அதைக் கார்டு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நிற்கும் நேரம் மாறிக்கொண்டே இருந்தால்தான் இரண்டாவது கேள்விக்கு வேலை. நின்ற பிறகு உயிரோடு இருந்ததா?

செத்துப் போயிருந்து, தொட்டால் சுட்டு, கொஞ்சம் ஆறிய பிறகு எழுந்துகொண்டால் அது சூடு. பல கேமராக்கள் சாவதற்கு முன் திரையில் வெப்பக் குறி காட்டிவிட்டே சாகும். ஹெல்மெட்டில் மாட்டியவருக்கு அது தெரிய வழியில்லை. கணக்கைப் பார்த்தால் இவ்வளவு நேரம் ஓடுவதே ஆச்சரியம்தான். முழு எச்டியில் விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது கேமராவின் சில்லு விநாடிக்கு 6 கோடிக்குச் சற்று மேற்பட்ட படப்புள்ளிகளைக் கையாள்கிறது. 4கேயில் 60 பிரேம் என்றால் அது 50 கோடி. எட்டு மடங்கு. இதற்கு மேல் ஆட்டத்தைச் சரிசெய்யும் கணக்கு வேறு தனியாக ஓடுகிறது. 2020-இல் வந்த கோப்ரோ ஹீரோ9-இன் பேட்டரி 1720 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது ஏறக்குறைய 6.6 வாட்-மணி ஆற்றல். ஒரு மணி நேரத்தில் அது தீர்ந்தால், சின்ன எல்இடி பல்பு ஒன்றின் மின்சாரம் முழுக்க உள்ளங்கையளவு பெட்டிக்குள் வெப்பமாகிறது என்று அர்த்தம்.

அந்தப் பெட்டிக்கு மூச்சுவிட வழியும் கிடையாது. 2016-இல் வந்த ஹீரோ5 கூடுதல் உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை போகும்படி உடலையே நீர் புகாததாக அடைத்துக்கொண்டது. பிறகு எல்லாரும் அந்த வழியே போனார்கள். விசிறி இல்லை, துளை இல்லை. உள்ளே பிறக்கும் சூடு உடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை எடுத்துப் போகக் காற்று வேண்டும். ஓடும் பைக்கில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது நிற்காத கேமரா, சிக்னலில் இரண்டு தடவை சிவப்பு விழுந்தால் நின்றுவிடுவதன் காரணம் இதுதான். 2021-இல் டிஜேஐ வெளியிட்ட ஆக்‌ஷன் 2-இன் கேமராப் பகுதி வெறும் 56 கிராம். சின்னது, அழகானது, சூட்டைப் பற்றி விமர்சகர்கள் குறை சொல்லாத நாளில்லை. உடல் சுருங்கினால் வெப்பம் வெளியேறும் பரப்பும் சுருங்கத்தானே செய்யும்.

கோப்ரோ தன் கேமராக்கள் பலவற்றுக்குச் சொல்லும் உச்ச வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. அதாவது நம் ஊரில் மூன்று மாதம் கேமராவை வெளியே எடுத்தாலே கையேட்டின் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். அதன் மேல் கறுப்பு உடல், நேர் வெயில், கீறல் விழாமலிருக்க நாமே மாட்டிவிடும் சிலிகோன் சட்டை. குழந்தைக்கு மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்ட கதைதான்.

செய்யக்கூடியவை சிலவே, ஆனால் பலனுள்ளவை. பார்க்கப்போவது போனில்தான் என்றால் 4கே 60-லிருந்து 4கே 30-க்கோ 1080-க்கோ இறங்கிவிடலாம். முக்காலியில் நிறுத்தி எடுக்கும்போது ஆட்டத் திருத்தத்தை அணைக்கலாம். ஆடாத கேமராவில் அது வெறும் சூடு. ஜிபிஎஸ், வைஃபை, பின்திரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே எடுப்பது இரட்டைச் சூடு. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓடும் மாடல் என்றால் அப்படியே ஓட்டலாம், கல்யாண மேடைக்கு அதுதான் சரி. எதிரே ஒரு சின்ன விசிறி வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

செத்துப் போயிருந்து, சூடும் இல்லை, எழுப்பினால் மூன்று நொடியில் மறுபடி சாகிறது என்றால் பேட்டரி. 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைவது பழைய பேட்டரியின் குணம். உள்தடை கூடிவிட்டால், கேமரா அதிகமாக இழுக்கும் நொடியில் மின்னழுத்தம் விழுந்துவிடும். சதவீதக் கணக்குக்கு அது தெரியாது. குளிரிலும் இதே கதை. 5359 மீட்டர் உயரத்தில் கர்துங் லா கணவாயில் நின்று பேட்டரியைத் திட்டிய தமிழ்நாட்டு வண்டிக்காரர்கள் நிறையப் பேர். சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் வைத்திருந்து எடுத்துப் போட்டால் அதே பேட்டரி ஓடும். உப்பியிருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்கப்போய் அதில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும்.

பவர் பேங்க் இணைத்தும் நிற்கிறதா? பல பவர் பேங்குகள் கொஞ்ச நேரம் குறைவாக மின்சாரம் இழுக்கப்பட்டால் போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தாமாக அணைந்துகொள்ளும். குற்றவாளி கேமராவே அல்ல.

உயிரோடு இருக்கிறது, திரை எரிகிறது, மெனு வேலை செய்கிறது, சிவப்பு விளக்கு மட்டும் அணைந்துவிட்டது என்றால் சந்தேகத்தை நேரே கார்டின் மேல் வையுங்கள். என் கேமரா ஐந்து தடவையும் இப்படித்தான் நின்றது: 12 நிமிடம் 5 விநாடி, 9:40, 14:10, 11:30, 10:50. தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

கார்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். கொட்டை எழுத்தில் இருக்கும் விநாடிக்கு 170 எம்பி, 200 எம்பி என்பதெல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம், அதிலும் விழாமல் நிற்கும் வேகம். அதைச் சொல்வது பொடி எழுத்தில் இருக்கும் குறிகள்தான். 10 என்ற எண் ஒரு வட்டத்துக்குள் இருந்தால் குறைந்தது விநாடிக்கு 10 எம்பி. யு3 அல்லது வி30 என்றால் 30 எம்பி. கேமரா 100 மெகாபிட்டில் பதிகிறது என்றால் எட்டால் வகுக்க வேண்டும்: விநாடிக்கு 12.5 எம்பி. 10 குறியிட்ட கார்டு உத்தரவாதம் தருவது அதற்கும் கீழே. வி30-இல் இரண்டு மடங்குக்கு மேல் இடமிருக்கிறது.

அப்படியிருந்தும் வி30 கார்டு ஏன் தடுமாறுகிறது? கார்டு ஒரே சீராக எழுதுவதில்லை. அழித்து அழித்து எழுதப்பட்ட பழைய கார்டில் ஒரு புதிய பகுதியை எழுதும் முன் பழையதைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வரும் படத்தைக் கேமரா தன் சின்னத் தற்காலிக நினைவகத்தில் தாங்கிப் பிடிக்கும், கொஞ்ச நேரம். தாங்க முடியாமல் போகும் நொடியில் பதிவு நிற்கும். மேசன் நின்று நின்று கல் வைக்க, சித்தாள் தலையில் செங்கலோடு வரிசையில் காத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுமை தாங்காமல் ஒருவர் இறக்கி வைத்தால் வரிசை முழுக்க நிற்கும். எந்த நிமிடத்தில் அது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

கோப்புகளை மட்டும் அழிப்பதைவிட, கேமராவுக்குள் வைத்து ஃபார்மட் செய்வது இதைப் பல சமயம் சரிசெய்துவிடும். கணினியிலோ போனிலோ செய்வதற்கும் கேமராவில் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. கேமரா தனக்கு வசதியான கட்டமைப்பில் கார்டை அடுக்கிக்கொள்கிறது. அதற்கும் சரியாகாவிட்டால் கார்டின் ஆயுள் முடிந்தது.

இப்போது அந்த மோசடி. 16 ஜிபி சில்லு ஒன்றை வைத்து, 128 ஜிபி என்று பொய் சொல்லும்படி அதன் உள் மென்பொருளை மாற்றி, அட்டையும் அசலைப்போல அச்சடித்து விற்கிறார்கள். கணினியில் போட்டால் 128 என்றே காட்டும். 16 ஜிபி நிறையும்வரை எல்லாம் சுகம். 100 மெகாபிட் கணக்கில் 21 நிமிடம். அதற்குப் பிறகு பதிவு நிற்கும். இன்னும் மோசமான கார்டில் நிற்காமல் பழைய படத்தின் மேலேயே புதியது எழுதப்படும், வீட்டுக்கு வந்து திறந்த பிறகுதான் இரண்டும் போனது தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுக்க எதையோ எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்காகும். புதுக் கார்டு வாங்கிய அன்றே இதை ஓட விட்டுத் தூங்கப் போய்விடுவது நல்லது.

மிச்சமுள்ள சில்லறைக் காரணங்கள்: கடலில் போட்டுவிட்டு நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் முனைகளில் உப்புப் பூக்கும், கரடுமுரடான சாலை அதிர்வில் பேட்டரி ஒரு நொடி தொடர்பு விடும் (அதை இறுக்கிப் பிடிக்க மடித்து வைத்த சிறு காகிதத்துண்டு போதும்), கையுறை பொத்தானில் படும். குரல் கட்டளை இயக்கத்தில் இருந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பேசும் ஆங்கிலத்தை நிறுத்தச் சொன்னதாகவும் அது எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் காரணத்தால் நின்றாலும் முதலில் காப்பாற்ற வேண்டியது எடுத்த வரைக்கும் உள்ள படத்தை. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைக் கேமரா பெரும்பாலும் கடைசியில்தான் எழுதும். நடுவில் உயிர் போனால் பக்கங்கள் இருக்கும், பொருளடக்கம் இருக்காது. 3 ஜிபி கோப்பு கண்ணெதிரே கிடந்தும் திறக்காது. பதற்றத்தில் ஃபார்மட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கார்டைத் திரும்பக் கேமராவிலேயே போட்டு இயக்கினால் பல மாடல்கள் தாமே சரிசெய்யப் பார்க்கும். அதிலும் முடியாவிட்டால், அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அன்ட்ரங்க் போன்ற மென்பொருள் பொருளடக்கத்தை மறுபடி எழுதித் தரும்.

குறித்த தாளோடு ரிச்சி தெருவுக்குத் திரும்பப் போனேன். தம்பி ஐந்து எண்களையும் பார்த்தார். "உயிரோட?" "உயிரோடதான்." மேசை விசிறியைக் கேமரா பக்கம் திருப்பி ஓட விட்டார். 10 நிமிடம் சொச்சத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. "சூடு இல்ல பாருங்க" என்றபடி என் கார்டை உருவி, தன் மேசை இழுப்பறையிலிருந்து 64 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டார். பேசிக்கொண்டிருந்தோம், இரண்டு டீ வந்தது, வேறு நான்கு பேர் வந்து போனார்கள். 1 மணி 10 நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துதான் நின்றது.

பழைய கார்டைக் குப்பையில் போடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"படிக்கும் சார், எழுதத்தான் வராது. பாட்டு ஏத்தி காருல போட்டுக்கோங்க."